சபாவுக்கு நான் போட்ட விளக்கு

யுத்தம் முடிந்த கையோடு மவுண்ட் ரோடில் ஒரு மின்சாரச் சாமான் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. விசிட்டிங் கார்டில் 'இல்லுமினேஷன் எஞ்சினியர்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். கடை, ஹோட்டல், சினிமாக் கொட்டகை என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் எந்த விளக்கு, எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்துத் தொங்க வேண்டும் என்று படம் போட்டுக் கொடுப்பது என் உத்தியோகம். என் அப்பாவுக்கு இது கடைசி வரை பிடிபடவில்லை. யாராவது விசாரித்தால், "பல்பு மாட்டறான்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு நான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு விளக்கு போட்டேன். திறந்த அன்றைக்கு வந்த பெண்கள் ஒருத்தி விடாமல் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் பிரித்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் விலை கேட்டார்கள். உள்ளே நாற்பது பல்புகளும் நானும் எரிந்துகொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து இந்த ஊர் ஜனங்களுக்கு வெளிச்சம் என்றால் என்னவென்றே தெரியாது என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கு எல்லாம் தெரியும். ஏனென்றால் என்னிடம் சீமையில் அச்சான இரண்டு புஸ்தகங்கள் இருந்தன. அதில் எழுதியிருக்கிறபடி ஒரு தடவையாவது ஒரு கட்டடத்தை எரியவைத்துப் பார்க்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தபோது மயிலாப்பூரில் ஒரு சபா வந்து மாட்டிக்கொண்டது.

அந்தச் சபா அதுவரை கீற்றுக் கொட்டகையில் நடந்தது. இப்போது சுவர் எழுப்பி, ஓடு வேய்ந்து, புது ஹால் கட்டியிருந்தார்கள். செக்ரட்டரி சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். 'காபி சாப்பிடுகிறீர்களா' என்பதைக்கூட ஆர்டர் போடுகிற தொனியில்தான் கேட்பார். "புதுசா ஏதாவது பண்ணுங்கோ சார். மத்த சபாக்காரன் வயிறெரியணும்" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான ஆர்டர் அதுதான்.

அந்தக் காலத்துச் சபாக்களில் கச்சேரி முடிகிற வரை ஹால் விளக்கு அத்தனையும் எரியும். பாட்டைக் கேட்க அவ்வளவு வெளிச்சம் எதற்கு என்று கேட்காதீர்கள். யார் வந்திருக்கிறார்கள், யார் எந்த வரிசையில், யார் போன வருஷத்துப் புடவையையே கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், யார் கடைசியில் பாடுகிற துக்கடாவுக்கு முன்பே எழுந்து போகிறார் என்பதையெல்லாம் இருட்டில் எப்படித் தெரிந்துகொள்வது? என் புஸ்தகமோ வேறு விதமாகச் சொல்லியது. கேட்கிறவர்கள் இருட்டில் இருக்க வேண்டும். மேடையில் முக்கியமானவர் மேல் மட்டும் வெளிச்சம் விழ வேண்டும். அப்போதுதான் மனசு ஒருமுகப்படும். மயிலாப்பூரின் மனசை ஒருமுகப்படுத்தும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

திறப்பு விழாவுக்குப் பாடப்போகிறவர் என் அத்திம்பேர், அக்காவின் கணவர். நல்ல வித்துவான். முப்பது வருஷமாகப் பாடுகிறார். ஆனாலும் முந்தின இரண்டு வருஷமும் டிசம்பர் கச்சேரியில் அவருக்குப் பகல் இரண்டு மணிதான் கொடுத்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்த மாமாக்கள் தலையை ஆட்டுவார்கள். ரசித்து ஆட்டுகிறார்களா, தூங்கி விழுகிறார்களா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். திறப்பு விழாவுக்கு முதலில் கேட்ட இரண்டு பெரிய வித்துவான்களுக்கும் தேதி ஒத்துவரவில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் செக்ரட்டரி இவரை ஒப்பந்தம் செய்தார். "இது நன்னா அமைஞ்சுதுன்னா டிசம்பர்ல சாயந்தரக் கச்சேரி உங்களுக்குத்தான். இல்லேன்னா உங்களுக்கே தெரியும்" என்றாராம். சாயந்தரக் கச்சேரி கிடைத்தால் மற்ற சபாக்களும் கூப்பிடும். இல்லாவிட்டால் இரண்டு மணி வெயிலோடு அத்திம்பேரின் பாட்டு முடிந்துபோகும்.

அக்கா இந்தக் கச்சேரியை உயிராக நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் என் பங்குக்கு அத்திம்பேரை ஊரே வாயைப் பிளக்கும்படி மேடையில் ஜொலிக்கவைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கச்சேரிக்கு நாலு நாள் முன்பு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஹால் விளக்கையெல்லாம் அணைச்சுடப் போறியாமே?"

"ஆமாம்."

"வேண்டாம்டா. எல்லாம் எரியலேன்னாலும் முன் வரிசைக்கு மட்டுமாவது ஒரு விளக்கு இருக்கட்டும். நான் அங்கேதான் உட்காருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷமாகவே அக்கா அத்திம்பேர் கச்சேரி என்றால் முன் வரிசை நடுவில் போய் உட்கார்ந்து, கையை நன்றாக உயர்த்தித் தொடையில் ஓங்கித் தாளம் போடுவாள். காதில் வைரத்தோடு, விரலில் மோதிரம். ஊரில் நாலு பேர் அதைப் பற்றி நாலு விதமாகப் பேசினார்கள். எல்லாருக்கும் முன்னால் பேசியவன் நான்.

"உன் தோடு ஜொலிக்கறதை ஆத்துல கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்துக்கோ. அதுக்காக என் ப்ளானை மாத்த முடியாது" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

அவள் அன்று சொல்லாமல் விழுங்கியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தாமதமாகத் தெரிந்தது என்பதற்காக உங்களையும் காக்கவைப்பது நியாயமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த டைபாயிடு ஜுரத்தில் அத்திம்பேரின் வலது காது அடியோடு போய்விட்டது. இடது காதிலும் பாதிதான் மிச்சம். அக்காவையும் அடையாறில் ஒரு டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. சுருதி அவருக்குள்ளேயே ஊறிக் கிடந்தது. அதற்குக் காது அவ்வளவாகத் தேவைப்படவில்லை. வலது பக்கம் உட்காருகிற மிருதங்கக்காரர் வாசிப்பதுதான் கேட்காது. அத்திம்பேர் அவருடைய விரலைப் பார்த்துக்கொள்வார். விரல் ஓடுகிற வேகத்தில் கணக்குப் பிடிபடாத இடங்களில் முன் வரிசையில் அக்காவின் கையைப் பார்ப்பார். மிருதங்கத்தைக் கேட்டு அவள் தாளம் போடுவாள். அவளைப் பார்த்து அவர் போடுவார். கச்சேரிக்குக் கச்சேரி எல்லார் கண்ணெதிரிலும் இது நடந்துகொண்டிருந்தது. நாங்கள் தோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கலாம். என் வாய் எப்பேர்ப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

மேடைக்காக, பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து ஒரு பெரிய ஒளிவிளக்கு வாங்கினேன். ஆகாயத்தில் ஏரோப்ளேன் தேடுவதற்குச் செய்த ஜாதி. ஹால் விளக்குகள் பட்டென்று அணையக்கூடாது, மெல்ல மங்க வேண்டும் என்று புஸ்தகம் சொன்னது. அதற்கான கருவி சீமையிலிருந்து வர ஆறு மாசம் ஆகும். ஆகவே பீங்கான் ஜாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, இரண்டு ஈயத் தகடுகளை அதில் தொங்கவிட்டு, கரண்டை அதன் வழியாக விட்டேன். தகட்டை மேலே இழுக்க இழுக்க விளக்கு மங்கும். ஜாடி அக்காவுடையது. அதிலிருந்த மாவடுவை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு அவளே கழுவிக் கொடுத்தாள்.

ஜாடியை இயக்கியவர் என்னோடு வேலை செய்த ஒயர்மேன். ராயப்பேட்டை முஸ்லிம், வீட்டில் உருது பேசுவார், என்னிடம் மெட்ராஸ் தமிழ். என்னைவிடப் பதினைந்து வயசு பெரியவர்.

"இன்னா சார் இது, ஊறுகா ஜாடில கரண்ட வுடறீங்க? கை பட்டா நான் காலி சார்."

"கை படாம பார்த்துக்கோங்க பாய்."

"அத்த வுடுங்க. இன்னொண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நான் மேடைல குந்திப் பாத்தேன். அந்த லைட்டு மூஞ்சில அடிக்கறப்ப எதிர்ல ஒண்ணுமே தெரில சார். கெணத்துக்குள்ள பாக்கறா மாதிரி கீது. பக்கத்துல குந்தி வாசிக்கறவர் கைகூடத் தெரில. பாடறவரு இன்னா பண்ணுவாரு?"

"அவர் பாட வரார் பாய். வேடிக்கை பார்க்க வரலை."

"சரி சார். படிச்சவங்க சொன்னா சரி" என்று ஜாடிப் பக்கம் போய்விட்டார். அந்த ஹாலில் மேடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றிய ஒரே மனுஷர் அவர்தான். அவர் சீமைப் புஸ்தகம் படித்ததில்லை.

கச்சேரி அன்று ஹால் நிரம்பி வழிந்தது. ஆறு மணிக்குத் திரை விலகியது. நான் கையைக் காட்டினேன். ஒயர்மேன் தகட்டை மெல்ல மெல்ல உயர்த்தினார். ஹால் விளக்குகள் சிவந்து மங்கத் தொடங்கின. புஸ்தகத்தின்படி இந்த இடத்தில் சபையோர் மூச்சை அடக்கிக்கொண்டு மௌனமாக வேண்டும்.

"கரண்ட் போறது!" என்று யாரோ கத்தினார்கள்.

"பெட்ரோமாக்ஸ் இருக்கா? யாராவது பெட்ரோமாக்ஸ் கொண்டு வாங்கோ!"

"கரண்ட் போனா ஃபேன் எப்படிங்காணும் சுத்தறது?"

ஒரு மாமி நகையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். இரண்டு பேர் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். செக்ரட்டரி எழுந்து நின்று, இது கோளாறு இல்லை, ஏற்பாடு என்று ஆர்டர் போட்ட பிறகுதான் எல்லாரும் அடங்கினார்கள்.

இருட்டில் அத்திம்பேர் மட்டும் தகதகவென்று தெரிந்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன், பார்ப்பதற்கு அபாரமாக இருந்தது. அவர் கண்ணைச் சுருக்கி முன் வரிசையைத் தேடியதைக்கூட நான் பாவம் என்று நினைத்தேன். அதாவது ராகத்தின் பாவம்.

வர்ணம் சரியாகப் போயிற்று. இரண்டு கீர்த்தனைகளும் பழக்கத்தில் போயின. பைரவியை விஸ்தாரமாகப் பாடி, மிருதங்கக்காரருக்குத் தனி விட்டார். மிருதங்கம் தனியாக வாசித்து முடிகிற அந்த இடத்தில் பாட்டுக்காரர் சரியாகப் பல்லவியை எடுக்க வேண்டும். அத்திம்பேர் கையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கை ஒரு பக்கமும் மிருதங்கம் ஒரு பக்கமும் போவதை என்னாலேயே உணர முடிந்தது. முன் வரிசையில் அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். கையைத் தலைக்கு மேல் உயர்த்தித் தட்டினாள். பின்னாலிருந்து "உட்காருங்கோ மாமி, மறைக்கறது" என்றார்கள். மிருதங்கக்காரர் முத்தாய்ப்பின் நடுவில் இருக்கும்போது அத்திம்பேர் பல்லவியை எடுத்தார். வாசிப்பு நின்றது. அவரும் நிறுத்தினார். மறுபடி எடுத்தார், மறுபடியும் தப்பு. ஒரு பெரிய வித்துவான், ஏரோப்ளேன் விளக்கின் கீழே, வழி தெரியாதவர் மாதிரி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கைகூப்பிவிட்டு மங்களம் பாடி முடித்தார்.

மேடைக்குப் பின்னால் நான் ஓடியபோது அக்கா என்னைச் சுவரோரமாக நிறுத்தி, அடிக்குரலில் மூன்று வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஊர் முழுக்க விளக்கைப் பற்றித்தான் பேச்சு. அப்படி ஒரு விளக்கு, இப்படி ஒரு விளக்கு, மெட்ராஸுக்கே புதுசு. பாட்டைப் பற்றிக் கேட்டால், "அவருக்கு வயசாயிடுத்து, பாவம்" என்றார்கள். பக்கத்து வீதிச் சபாக்காரர் நிஜமாகவே வயிறெரிந்தார். செக்ரட்டரி கமிட்டிக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார். விளக்கை நிரந்தரமாக்கி என் கம்பெனிக்கு ஆர்டர் கொடுப்பது முதல் விஷயம். டிசம்பர் பட்டியலிலிருந்து அத்திம்பேரை எடுத்துவிடுவது இரண்டாவது விஷயம்.

கமிட்டியில் ஒன்பது பேர். முதல் விஷயம் ஏகமனதாக நிறைவேறியது. இரண்டாவதை எடுத்ததும் ஒருவர் கேட்டார்: "ஜுரத்துக்கு அப்புறம் அவருக்குக் காது மந்தம்னு ஒரு பேச்சு அடிபடறதே. நெஜமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காது கேட்காத வித்துவான் என்று ஒரு தடவை பேர் ஆகிவிட்டால் பகல் இரண்டு மணிகூட இல்லை. விளக்குதான் காரணம் என்று சொன்னால், அதே மேடையில் மிருதங்கக்காரர் சமாளித்தபோது இவருக்கு மட்டும் என்ன என்று கேட்பார்கள். எதற்கும் பதில் வைத்திருக்கிற என் வாய் அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாக உபயோகப்பட்டது.

"காது மந்தமா? அவர் காது ரொம்பக் கூர்மையா இருந்ததுதான் தப்பாப் போச்சு" என்றேன். "என் விளக்கிலேதான் கோளாறு. உப்பு ஜாடி வழியா கரண்ட் போறதால அது ஒரு ரீங்காரம் போடறது. ரொம்ப சன்னமா, சுருதிக்குக் கொஞ்சம் தள்ளி. சாதாரணக் காதுக்குக் கேட்காது. நுட்பமான ஞானம் உள்ளவாளுக்குத்தான் கேட்கும். அதுதான் அவரைப் பாட விடலை."

அப்படி ஒரு ரீங்காரமே கிடையாது. என் மேல் அவர்கள் கோபப்படுவார்கள், ஆர்டரை ரத்து செய்வார்கள், அதோடு போகும் என்றுதான் நினைத்தேன். அந்த ஒன்பது பேரையும் நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

முதலில் ஒரு வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் அன்னிக்கே ஆத்துல சொன்னேன், ஏதோ ஒண்ணு இரையறதுன்னு."

"இரையறதாவது! எனக்குத் தலைவலியே வந்துடுத்து" என்றார் அவருக்கு அடுத்தவர்.

"நிஷாதத்துக்குக் கொஞ்சம் கீழே" என்று ஸ்வரத்தையே நிர்ணயித்தார் செக்ரட்டரி. "புதுசா போட்ட விளக்காச்சே, இவர் மனசு புண்படக்கூடாதேன்னு பேசாம இருந்தேன்."

கச்சேரி முழுவதும் தூங்கியவர் ஒருவர் இருந்தார். குறட்டைச் சத்தம் நாலு வரிசைக்குக் கேட்டது. "கண்ணை மூடிண்டு அந்த ரீங்காரத்தைத்தான் கவனிச்சுண்டிருந்தேன்" என்றார் அவர்.

பத்து நிமிஷத்தில் ஒன்பது பேருக்கும் கேட்டுவிட்டது. ஆர்டர் ரத்தானது. ஒளிவிளக்கைக் கழற்றி, ஹால் விளக்கு அத்தனையும் எப்போதும் எரிய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஞானவானான வித்துவானுக்கு இழைத்த அநியாயத்துக்குப் பரிகாரமாக டிசம்பர் சாயந்தரக் கச்சேரி அத்திம்பேருக்கே. என் கம்பெனியில் எனக்கு வர இருந்த உயர்வு வரவில்லை. 'ரீங்கார எஞ்சினியர்' என்று ஒரு பட்டம் மட்டும் வந்தது. அதைப் பற்றி எனக்குத் துளியும் வருத்தம் இருக்கவில்லை. நேர்மையாக இருந்து நான் சாதித்ததையெல்லாம்விட அந்தப் பொய்யில் அதிகம் சாதித்துவிட்டதாகப் பூரித்துப்போயிருந்தேன்.

டிசம்பரில் அத்திம்பேர் பாடினார். எல்லா விளக்கும் எரிந்தது. முன் வரிசையில் அக்கா கையை உயர்த்தித் தாளம் போட்டாள். தனி முடிந்து அவர் பல்லவியை எடுத்த இடத்தில் ஹாலே கை தட்டியது, நான் அழுதேன். கடைசியில் வந்தனோபசாரம் சொல்ல எழுந்த செக்ரட்டரி, திறப்பு விழா அன்று விளக்கு போட்ட ரீங்காரத்தையும், கமிட்டி அதைக் கண்டுபிடித்த விதத்தையும், இவர் காதின் கூர்மையையும் கால் மணி நேரம் வர்ணித்தார். அத்திம்பேர் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அத்திம்பேர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் கேட்டார்.

"ஏன்டா, அந்த விளக்கு அன்னிக்கு ரீங்காரம் போட்டுதாமே? உங்க அக்காவைக் கேட்டா மழுப்பறா. நெஜமா?"

"இல்லை அத்திம்பேர்."

"எல்லாருக்கும் கேட்டுதுன்னு செக்ரட்டரி சொன்னாரே. எனக்கு ஒண்ணுமே கேட்கலையேடா. இடது காதிலே பாதியாவது இருக்குன்னு நெனச்சுண்டிருந்தேன்."

நான் அவர் இடது காதருகே போய்க் கத்தினேன். "ஒரு சத்தமும் இல்லை! நான் சொன்ன பொய் அது!"

அக்கா ஓடிப்போய்த் தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் தோளில் தட்டிக் கொடுத்தார். "நீ எனக்காகச் சொல்றே. ஆனா ஒம்போது பேர் கேட்டிருக்காளே. ஸ்வரம் வரைக்கும் சொல்றா."

"அவாளும் பொய்தான் சொல்றா!"

"அவா எதுக்குடா பொய் சொல்லணும்? எல்லாம் ஞானஸ்தாள். முப்பது வருஷமா அவா தலையாட்டினாத்தான் நான் சரியாப் பாடினேன்னு எனக்கே தெரியும்."

அதற்கு மேல் எப்படிக் கத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒன்பது பேரும் கேட்காததைக் கேட்டதாகச் சொன்னார்கள் என்று அவர் ஒத்துக்கொண்டால், முப்பது வருஷம் யாருக்குப் பாடினார் என்ற கேள்வி வரும். அதைவிடத் தன் காது போய்விட்டது என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அந்த வாரத்தில் வேறு மூன்று சபாக்களிலிருந்து சாயந்தரக் கச்சேரிக்குக் கடிதம் வந்தது. உடம்பு சரியில்லை என்று மூன்றுக்கும் அவரே பதில் எழுதினார். அதன் பிறகு அவர் எந்த மேடையிலும் பாடவில்லை.